செல்போன் காலத்தில் ஒரு கிறிஸ்தவரின் வாசிப்பு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கு வருடங்கள் ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தைத் திறந்தேன். நான்கு வருடங்களிலும் லேவியராகமத்தைத் தாண்டவில்லை. அலமாரியில் பாதி படித்த கிறிஸ்தவ நூல்கள் பதினொன்று கிடந்தன. போனில் வேதாகமச் செயலிகள் மூன்று இருந்தன, 'பிறகு கேட்கலாம்' என்று சேமித்த பிரசங்கங்களுக்குக் கணக்கே இல்லை. வாசிக்க ஆசை இருந்தது. ஆனால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கை தானாகப் போனைத் தேடிப் போய்விடும்.

என் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நெடுநாள் மனம் நொந்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒன்று புரிந்தது. எதை வாசிப்பது, எங்கே உட்கார்வது, எந்த நேரம், எவ்வளவு என்ற நான்கையும் நான் தினமும் புதிதாக முடிவு செய்துகொண்டிருந்தேன், அதுவும் போனைக் கையில் வைத்துக்கொண்டு. அந்த நான்கையும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்த பிறகு வாசிப்பு நிலைத்தது. இது மூன்றாவது வருடம். நான் பட்ட பாடு நீங்கள் படாமல் இருக்க, செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

ஏற்பாடுகளை முடிக்க இரண்டு வாரம் பிடிக்கும். அச்சிட்ட வேதாகமம் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று, ஒரு பென்சில், ஒரு சாதாரண அலாரம் கடிகாரம், இவை போதும்.

1. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், கணக்கு மட்டும் எடுங்கள்

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி இருக்கும். ஐபோனில் அதன் பெயர் 'ஸ்கிரீன் டைம்'. எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் போனது, ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தீர்கள், எத்தனை அறிவிப்புகள் வந்தன என்று அங்கே பார்க்கலாம். ஏழு நாளும் இரவில் அந்த எண்களை நோட்டில் எழுதுங்கள்.

மொத்த நேரத்தைவிட, நேரம் போன வேளைதான் முக்கியம். என் நோட்டில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. காலையில் கண் விழித்ததும் 25 நிமிடம், இரவில் படுக்கையில் 50 நிமிடம். நேரமே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் இந்த 75 நிமிடங்களும் போயிருக்கின்றன. ஒரு அதிகாரத்தை நிதானமாக வாசித்து ஜெபிக்க 20 நிமிடம் போதும்.

இந்த வாரம் வருகிற சோதனை, எண்களைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சியில் எல்லாச் செயலிகளையும் ஒரே இரவில் அழித்துவிடுவது. நானும் அழித்தேன். நான்காம் நாள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஏழு நாள் பொறுங்கள்.

2. போனுக்கும் புத்தகத்துக்கும் நடுவே தூரம் வையுங்கள்

ஒரு நாள் காலை போனில் 42-ஆம் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல என்று தொடங்கும் சங்கீதம். இரண்டாம் வசனத்துக்கு வரும்போது திரையின் மேலிருந்து ஒரு செய்தி இறங்கியது. 'சரி' என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டால் முடிந்துவிடும். பதில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. யாரோ முன்பின் தெரியாதவர் வீடு கட்டும் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. செயலிக்குத் திரும்பிப் போனேன். ஆத்துமா தேவன்மேல் தாகமாயிருக்கிறது என்ற அந்த இரண்டாம் வசனம், விட்ட இடத்திலேயே இருந்தது. அன்று எனக்கு அழுகை வந்தது.

மன உறுதியை நம்பி இதை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கைக்கு எட்டாத தூரத்தில் போனை வைப்பதுதான் வழி.

முதலில் சார்ஜர் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். படுக்கையறையில் இருந்தால் கூடத்துக்கோ சமையலறைக்கோ கொண்டுபோங்கள். போன் இரவு முழுவதும் அங்கேதான். 'அலாரத்துக்குப் போன் வேண்டுமே' என்ற சாக்கு உடனே வரும், கடிகாரத்தைப் பட்டியலில் சேர்த்தது அதற்காகத்தான். எனக்கு மிக அதிகமாகப் பலன் தந்த மாற்றம் இது ஒன்றே. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்து அறிவிப்புகள். அழைப்புகளையும் வீட்டாரின் செய்திகளையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். அரை மணி நேர வேலை, ஒருமுறை செய்தால் போதும். இரண்டு போனிலும் குறிப்பிட்ட நேரத்துக்குச் செயலிகளை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. அதை வாசிப்பு நேரத்துக்குத் தினமும் தானாக இயங்கும்படி வைத்துவிடுங்கள். தினமும் கையால் போட வேண்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

பயணத்தில் இருக்கிறீர்கள், போனில் வாசிப்பதைத் தவிர வழியில்லை என்றால், மொழிபெயர்ப்பை முன்கூட்டியே தரவிறக்கம் செய்துவிட்டு விமானப் பயன்முறையில் போட்டு வாசியுங்கள். மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட, புத்தகம் வாசிக்க மட்டுமே உள்ள கருவி வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அதில் செய்திகள் வந்து இடைமறிக்காது.

வேதாகமச் செயலிகளில் 'தொடர்ச்சியாக இத்தனை நாள்' என்று ஓர் எண் காட்டுவார்கள். அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக இரவு 11:55-க்கு ஒரு வசனத்தைத் திறந்து மூடிய நாட்கள் எனக்கு உண்டு. அது வாசிப்பாகாது. செயலியில் அந்த வசதியை அணைக்க முடிந்தால் அணையுங்கள், முடியாவிட்டால் அந்தச் செயலியைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். எந்த வசனம் எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பதில் செயலிகளை மிஞ்ச எதுவும் இல்லை. அதற்காகத் தனியாக ஒத்துவாக்கிய நூல் வாங்கும் செலவு மிச்சம்.

3. ஒரு வேதாகமத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்

அச்சிட்டது வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இந்த முழு ஏற்பாட்டிலும் பணம் செலவழிக்கத் தக்க இடம் இது ஒன்றுதான். பொடி எழுத்துப் புத்தகத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கண் வலித்தே வாசிப்பு நின்றுவிடும். கடையில் சங்கீதம் 119-ஐத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, பத்து வசனம் வாசித்துப் பாருங்கள். கண் சிரமப்படாவிட்டால் வாங்கலாம்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். நம் சபைகளில் பெரும்பாலும் ஒலிப்பது பழைய மொழிபெயர்ப்பு. மனப்பாடம் செய்ய அதன் ஓசைக்கு நிகர் இல்லை. ஆனால் பதர், தேற்றரவாளன், பின்னணியம் போன்ற சொற்களில் இன்றைய வாசகர் தடுக்கி விழுவார். கத்தோலிக்கரும் பிற திருச்சபைகளும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு இன்றைய நடைக்கு நெருக்கமானது. எளிய நடைப் பதிப்புகளும் தனியாக உண்டு. என் யோசனை: தினசரி வாசிப்புக்கு உங்கள் சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பை எடுங்கள், அப்போதுதான் ஞாயிறு கேட்பதும் வீட்டில் வாசிப்பதும் மனதில் ஒன்றோடொன்று சேரும். புரியாத இடத்தில் மட்டும் இன்னொன்றைத் திறந்து பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடினச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். 'பதர்: நெல்லைத் தூற்றும்போது காற்றில் போகும் மணியில்லாத உமி' என்பது என் பட்டியலின் முதல் வரி.

குறிப்புரையோடு வரும் தடித்த ஆய்வு வேதாகமத்தை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். முதல் வருடம் அதை வாங்கினால் கண் வசனத்தை விட்டுவிட்டு அடிக்குறிப்புக்கே போகும்.

4. அளவு: முதல் வருடம் முழு வேதாகமம் வேண்டாம்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். அதில் பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. (கத்தோலிக்க விவிலியத்தில் 73 புத்தகங்கள், எனவே அதன் அதிகாரக் கணக்கு கூடும்.) ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் மூன்று அதிகாரம், ஞாயிறு மட்டும் ஐந்து. கேட்பதற்கு எளிது. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இரண்டும் சேர்ந்து 90. தினம் மூன்று வீதம் போனால் சரியாக 30 நாளில் முடியும். ஜனவரி 31 அன்று லேவியராகமம் முதல் அதிகாரம் எதிரே நிற்கும், புதுவருட உற்சாகம் வற்றிப்போகும் அதே வாரத்தில். பலி முறைகளையும் தோல் நோய்ச் சட்டங்களையும் தனியாக, வழிகாட்ட ஆளில்லாமல், அவசரமாகக் கடக்கப் பார்த்தால் யாரும் சோர்ந்துபோவார்கள்.

அதனால் முதல் வருடத்துக்கு வேறு ஒரு கணக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு அதிகாரம் மட்டும். வாரத்துக்கு 5, வருடத்தின் 52 வாரத்துக்கு 260. புதிய ஏற்பாடு ஓர் அதிகாரம் மிச்சமில்லாமல் முடிந்துவிடும். சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க. இந்த இரண்டு நாள் இடைவெளி இல்லாத எந்த அட்டவணையையும் நான் இப்போது தொடுவதில்லை.

புதிய ஏற்பாட்டை மட்டும் வாசிக்க மனம் ஒப்பவில்லையா? சரி, என் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாற்கு, 16 அதிகாரங்கள், நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது. பிறகு ரூத் 4, யோனா 4, பிலிப்பியர் 4, யாக்கோபு 5. பிறகு யோவான் 21. மொத்தம் 54 அதிகாரங்கள், பதினோரு வாரம். அதற்கப்புறம் ஆதியாகமம். பிறகு லூக்காவும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் சேர்த்து வாசியுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே மனிதருக்கு எழுதப்பட்டவை, தொடர்ந்து வாசித்தால்தான் கதையின் முழு ஓட்டமும் தெரியும். லேவியராகமத்தைத் தனியாக வாசிக்காதீர்கள். எபிரெயருக்கு எழுதின நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சங்கீதங்களுக்கு வேறு ஒரு பழைய வழி உண்டு. தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இன்று 7-ஆம் தேதி என்றால் சங்கீதம் 7, 37, 67, 97, 127. மாதம் முடிவதற்குள் 150-ம் ஒரு சுற்று வரும். ஐந்தும் வாசிக்க வேண்டியதில்லை, அன்றைய மனநிலைக்கு ஏற்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். 29-ஆம் தேதி 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதம் வந்து நிற்கும், அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவைப்பேன்.

சில வருடம் பழகிய பிறகு முழு வேதாகமமும் போக விரும்பினால், ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-இல் தன் சபைக்காகத் தயாரித்த அட்டவணை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும். தினம் நான்கு அதிகாரம், வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. தொடங்குகிறவர்களுக்கு அது அதிகம்.

5. ஒரு அதிகாரத்தை எப்படி வாசிப்பது

வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்தில் யாராவது தூங்கினால் முணுமுணுத்தாலும் போதும். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் 'தியானமாயிருக்கிற' மனுஷன் என்று வருகிறதே, அங்கே உள்ள எபிரெயச் சொல்லுக்குத் தாழ்ந்த குரலில் முணுமுணுத்தல் என்றும் பொருள் உண்டு. ஏசாயா 31-இல் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் அதே சொல்தான் வருகிறது. இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சங்கீதம் வேறு மாதிரிக் கேட்கிறது. நடைமுறையில் இன்னொரு பலனும் உண்டு: செல்போன் பழக்கிவிட்ட கண் வரிகளைத் தாவித் தாவிப் போகும், வாய் அப்படித் தாவ முடியாது.

நேரக் கணக்கு இது. உட்கார்ந்து அமைதியாக ஒரு சிறு ஜெபம், 2 நிமிடம். வாசிப்பு, அதிகாரத்தின் நீளத்தைப் பொறுத்து 5 முதல் 8 நிமிடம். பென்சிலோடு மறுபடி ஒருமுறை, 5 நிமிடம். வாசித்ததையே ஜெபமாக்க 5 நிமிடம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கைகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், தேவசமுகத்தில் அமைதி என்று நான்கு படிகள் கொண்ட ஓர் ஏணியாக இதை எழுதிவைத்தார். எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவரும் ஏறக்கூடிய ஏணி அது.

நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள். தேதியும் அதிகாரமும் ஒரு வரி, கையால் நகலெடுத்த ஒரு வசனம், ஒரு கேள்வி. அதற்கு மேல் எழுதாதீர்கள். வண்ணப் பேனாக்களும் அலங்காரப் பக்கங்களும் உள்ள நோட்டு ஒன்றில் தொடங்கி, அழகாக எழுத நேரமில்லாத நாளில் வாசிப்பையும் சேர்த்து விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் நோட்டிலிருந்து ஒரு பதிவு. மாற்கு 4, புயலின் நடுவே இயேசு படகில் தூங்கும் இடம். 'கப்பலின் பின்னணியத்தில் தலையணையை வைத்து' என்று வருகிறது (பின்னணியம் என்றால் கப்பலின் பின்பகுதி). சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் தலையணை இருந்ததை நான் கவனித்ததே இல்லை. மத்தேயுவையும் லூக்காவையும் திறந்து பார்த்தேன். இருவரும் அவர் தூங்கியதைச் சொல்கிறார்கள், தலையணையைச் சொல்லவில்லை. 'மாற்குவுக்கு இதை யார் சொல்லியிருப்பார்?' என்று கேள்வியில் எழுதினேன். நாள் முழுதும் பிரசங்கித்துக் களைத்து, தலை சாய்க்க எதையோ தேடி எடுத்துப் படுத்திருக்கிறார். அன்று முழுக்க அந்தத் தலையணை என் கூடவே இருந்தது. வேகமாகப் போன நான்கு வருடத்தில் இப்படி ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

6. மற்றப் புத்தகங்கள்: ஒரு நேரத்தில் ஒன்று, தினம் பத்துப் பக்கம்

பவுல் சிறையிலிருந்து எழுதும்போது மேலங்கியோடு புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார், 2 தீமோத்தேயு 4:13. மரணம் நெருங்கிவிட்டது என்று அதே அதிகாரத்தில் சொன்னவர்தான் வாசிக்கக் கேட்கிறார்.

வேதாகமத்தைக் காலையில் வாசித்தால் மற்ற நூலை இரவுக்கு வையுங்கள், படுக்கையில் போன் இருந்த அந்த 50 நிமிடத்தில். தினம் பத்துப் பக்கம் போதும். 200 பக்க நூல் இருபது நாளில் முடியும். வருடத்துக்குப் பதினெட்டு நூல்.

எதை எடுப்பது? சுலபமான பதில் இல்லை. ஆனால் ஒரு விதி எனக்கு நிறைய உதவியது. ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், நான்காம் நூற்றாண்டுப் பேராயர் அதனாசியஸின் நூல் ஒன்றுக்கு 1944-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில் சொன்னது: ஒரு புது நூலை முடித்தால் அடுத்த புது நூலுக்கு முன் ஒரு பழையதை வாசிக்க வேண்டும், அது முடியாவிட்டால் மூன்று புதியதற்கு ஒரு பழையதாவது. இன்றைய நூல்கள் இன்றைய கவலைகளையே பேசுகின்றன, அதனால் பழையவை அவசியம். அகஸ்டினின் 'அறிக்கைகள்' நூலில் பதின்மூன்று பகுதிகள். முதல் ஒன்பது அவருடைய வாழ்க்கைக் கதை, யாரும் வாசிக்கலாம். பத்துக்கு மேல் தத்துவம் கனக்கும், முதல் தடவை ஒன்பதோடு நிறுத்தினால் தவறில்லை. 1678-இல் வந்த ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' கதையாகவே போவதால் தொடங்குகிறவருக்கு ஏற்றது. அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' செய்யுள், அதை உரையோடு நிதானமாகப் போகிற பிற்காலத்துக்கு வையுங்கள்.

கிறிஸ்தவ நூல்களை மட்டும்தான் வாசிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அத்தேனே பட்டணத்தில் பவுல் கிரேக்கப் புலவரின் வரியை எடுத்துச் சொல்லித்தான் பேசுகிறார், அப்போஸ்தலர் 17:28. தானியேலும் நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். நல்ல நாவலும் கவிதையும் வரலாறும் மனிதரைப் புரிந்துகொள்ளக் கற்றுத்தருகின்றன. அயலாரை நேசிக்க அது வேண்டும்.

பிடிக்காத புத்தகத்தை ஐம்பது பக்கத்துக்குப் பிறகு மூடிவைக்கலாம், பாவம் ஒன்றும் இல்லை. நான் அப்படி மூடாததால்தான் ஒரே நூலில் ஐந்து மாதம் சிக்கி, மற்ற எதையும் வாசிக்காமல் போனேன். இன்னொன்று, நூல்களின் சுருக்கத்தைப் பதினைந்து நிமிடக் காணொளியாகப் பார்த்துவிட்டு வாசித்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

7. செலவும் சான்றுகளும்

பொது நூலகத்தில் உறுப்பினராகப் பெரும்பாலும் அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று, புகைப்படம் கேட்பார்கள். வைப்புத்தொகை வாங்கும் நூலகமாக இருந்தால் ரசீதை வேதாகமத்தின் பின்னட்டைக்குள் வைத்துவிடுங்கள், விலகும்போது பணத்தைத் திரும்பப் பெற அது வேண்டும். வேதாகமக் கல்லூரி நூலகங்களில் வெளியாட்களை உள்ளே உட்கார்ந்து வாசிக்க அனுமதிப்பதுண்டு. உங்கள் போதகரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பேச்சு எளிதாக முடியும். சபையில் பூட்டிக் கிடக்கும் புத்தக அலமாரியின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். எனக்கு நல்ல நூல்கள் பல அங்கிருந்துதான் கிடைத்தன.

காப்புரிமை முடிந்த பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே எடுக்கலாம். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்குப் புராஜெக்ட் குட்டன்பர்க், கிறிஸ்தவ நூல்களுக்கென்றே இருக்கும் கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் எதீரியல் லைப்ரரி, ஒலிவடிவத்துக்கு லிப்ரிவாக்ஸ். தமிழில் வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' போன்றவை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் உண்டு. தரவிறக்கும்போது ஈபப் வடிவத்தை எடுங்கள், எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடியும்.

இன்று உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூலை யாரோ வருடிப் பிடிஎஃப் ஆக்கிக் குழுக்களில் அனுப்புகிறார்களே, அதைத் தொடாதீர்கள். களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை அதற்கும் பொருந்தும். ஒரு கிறிஸ்தவ நூல் எழுதினவரின் கூலியைப் பறித்துவிட்டு அதில் பக்தி தேடுவது எனக்குச் சகிக்கவில்லை.

8. நேரமே கிடைக்காதவர்களுக்கு

கைக்குழந்தை, இரவுப் பணி, நோயாளியைக் கவனித்தல் என்று இருப்பவர்கள் மேலே சொன்ன 20 நிமிடத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒலி வேதாகமத்தில் மாற்குவின் ஒரு அதிகாரத்தை வேலை செய்துகொண்டே கேளுங்கள். கேட்ட அதே அதிகாரத்திலிருந்து ஒரே ஒரு பத்தியை இரவில் கண்ணால் வாசியுங்கள். ஆதித் திருச்சபையில் பெரும்பாலோர் வேதத்தைக் காதால் கேட்டே அறிந்தார்கள். மிகவும் களைத்த நாளுக்கு 117-ஆம் சங்கீதம் இருக்கிறது, மொத்தம் இரண்டே வசனம்.

9. ஒரு துணை

எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்கிறார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறார் அவர். பிலிப்பு ரதத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

எனக்கு அப்படி ஏறி உட்கார்ந்தவர் எங்கள் சபையில் உள்ள ஓர் அக்கா. என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் போனில் பேசுவோம். 'இந்த வாரம் எந்த வசனத்தில் நின்றாய்? எது புரியவில்லை?' இந்த இரண்டு கேள்விதான். வாசிக்காத வாரத்தில் 'வாசிக்கலைக்கா' என்று சொல்லிவிடுவேன். 'சரி, இப்போ சேர்ந்து வாசிப்போம்' என்பார், அவ்வளவுதான்.

துணை ஒருவரோ இருவரோ போதும். முதலில் நாங்கள் முப்பது பேரைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். மூன்றாவது வாரத்திலிருந்து அதில் காலை வணக்கப் படங்களும் பகிர்ந்த செய்திகளும்தான் வந்தன, அதைப் பார்க்கப் போய் எங்கள் வாசிப்பு நேரமும் போனது.

10. இடையில் நின்றுபோனால்

நின்றுபோகும். காய்ச்சல் வரும், துக்கம் வரும், வீடு மாறுவீர்கள். அப்போது செய்யக் கூடாதது, விட்டுப்போன அதிகாரங்களை ஒரே நாளில் வாசித்து முடிக்கப் பார்ப்பது. ஒன்பது அதிகாரம் பாக்கி என்ற எண்ணமே புத்தகத்தைத் திறக்க விடாது. ஓரிரு நாள் என்றால் சனி ஞாயிறில் பிடியுங்கள். அதற்கு மேல் என்றால் விட்ட இடத்தில் அடையாள நாடா இருக்கும், அங்கிருந்து ஒரு அதிகாரம் மட்டும் வாசியுங்கள், அட்டவணையின் தேதியை அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் அக்காவும் நானும் லேவியராகமத்தை எபிரெயரோடு சேர்த்து வாசிக்கிறோம். பதினாறாம் அதிகாரம் வரை வந்தோம், பிரதான ஆசாரியன் வருடத்தில் ஒருமுறை திரைக்கு உள்ளே போகும் நாள். எபிரெயர் 9-ஐப் பக்கத்தில் விரித்து வைத்து இருவரும் மாறி மாறி வாய்விட்டு வாசித்தோம். அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. மறுநாளே வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், பத்து நாள் வேதாகமத்தைத் திறக்க முடியவில்லை. பதினோராம் நாள் காலை கூடத்தில் போன் சார்ஜரில் இருந்தது. நோட்டில் தேதியை எழுதி, 'லேவியராகமம் 17' என்று பக்கத்தில் எழுதி, வாசிக்கத் தொடங்கினேன்.